காதுக்கு எட்டாத ஓசை

சந்தையில் மண்பானை வாங்குகிறவர்கள் விரல் முட்டியால் தட்டிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. ‘டங்’ என்று மணிபோல ஒலித்தால் நல்ல பானை. ‘டப்’ என்று அடங்கினால் எங்கோ கீறல் இருக்கிறது. நாமக்கல் லாரி ஓட்டுநர்கள் வண்டியை எடுக்கும் முன் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவார்கள். காற்று குறைந்த டயரைக் கண்ணுக்கு முன்னால் காது கண்டுபிடித்துவிடும்.

அதே நாமக்கல்லில், மோகனூர் சாலையில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நாயைக் கூட்டி வருகிறவர்கள் வேறொரு ஓசையை நம்பி வருகிறார்கள். நாயின் விலா இடுக்கில் ஒரு சிறு கருவியை வைத்து உள்ளே அனுப்பும் ஓசை அது. நம் காதுக்கும் கேட்காது, நாயின் காதுக்கும் கேட்காது. வினாடிக்குப் பல லட்சம் முறை அதிர்ந்து, இதயத்தில் மோதித் திரும்பி வந்து, அந்தத் தசை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று திரையில் காட்டும். மருத்துவர்கள் அதை ‘எக்கோ’ என்கிறார்கள். ‘டாக்டரு எக்கோ எடுக்கச் சொன்னாருங்க’ என்று நாய் வளர்ப்பவர்களும் இப்போது இயல்பாகச் சொல்கிறார்கள். இந்த எக்கோ எங்கே பிறந்து, யார் யார் கைமாறி இந்தச் சமவெளிக்கு வந்தது என்பதை நான் தேடிப் படித்தேன். வழியில் நாய்கள் திரும்பத் திரும்ப வந்தன.

முதல் நாய்கள் லண்டன் தெருவில் நின்றன. 1876ல் ஃபிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் மிகக் கூர்மையான ஓசை எழுப்பும் ஒரு சிறு விசிலைச் செய்தார். அதைக் கைத்தடியில் பொருத்திக்கொண்டு தெருவிலும் மிருகக்காட்சிசாலையிலும் நடப்பார். ரப்பர் குமிழை அழுத்துவார். பக்கத்தில் போகும் மனிதர்களுக்கு ஒன்றும் கேட்காது. நாய் திரும்பிப் பார்க்கும். மனிதக் காது வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள்வரை கேட்கும். நாயின் காது 40,000த்தையும் தாண்டும். நமக்குக் கேட்காத ஓசையும் ஓசைதான் என்பதை நாயின் திரும்பிய தலை உறுதி செய்தது.

அடுத்த கை பிரான்ஸில். 1880ல் பியேர் கியூரியும் அண்ணன் ழாக் கியூரியும் குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் படிகம் அதிரும் என்பதையும் பிறகு காட்டினார்கள். இன்றைய எக்கோ கருவியின் ‘ப்ரோப்’ நுனியில் நடப்பதும் இதுதான். மின்சாரத்தை ஓசையாக்கி அனுப்பும் அதே பொருள், திரும்பி வரும் ஓசையை மின்சாரமாக்கித் தருகிறது. வாயும் காதும் ஒன்றே. முதல் உலகப் போரில் பால் லாஞ்செவான் இந்தப் படிகத்தைக் கடலுக்குள் இறக்கி நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடினார். பிறகு இந்த ஓசை இரும்பாலைக்குள் போனது. வார்ப்பிலும் பற்றவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், அதில் மோதி ஓசை சீக்கிரமே திரும்பி வந்துவிடும். சேலம் வழியாக ஓடும் தண்டவாளங்களையும் ரயில்வே ஊழியர்கள் இந்த ஓசையைச் செலுத்தித்தான் சோதிக்கிறார்கள். தள்ளுவண்டிபோல ஒன்றைத் தண்டவாளத்தின் மேல் உருட்டிக்கொண்டு போகிறவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம்.

இரும்பிலிருந்து இதயத்துக்குத் தாவியது 1953ல், ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில். இங்கெ எட்லர் என்ற அந்த நகரத்து இதய மருத்துவருக்கு ஒரு தீராத கவலை இருந்தது. இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிய நோயாளிகளை அறுவைச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். ஆனால் வால்வு சுருங்கியிருக்கிறதா, கசிகிறதா என்பதை வெளியிலிருந்து நிச்சயமாகச் சொல்ல வழியில்லை. தவறாகச் சொன்னால் நோயாளி மேசையிலேயே இறந்துபோகலாம். அதே ஊரில் இருந்த இளம் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸிடம் அவர் இதைச் சொன்னார். பக்கத்து மால்மோ நகரில் காக்கம்ஸ் கப்பல் கட்டும் தளம் இருந்தது. அங்கே பற்றவைப்பில் குறை தேடும் ஒலிக்கருவி ஒன்று உண்டு. ஹெர்ட்ஸ் அதை ஒரு வார இறுதிக்கு இரவல் வாங்கினார். தன் மார்பிலேயே வைத்துப் பார்த்தார். இரும்பில் அசையாமல் நிற்கும் எதிரொலி, அங்கே இதயத் துடிப்போடு சேர்ந்து முன்னும் பின்னும் நகர்ந்தது.

பிறகு சீமென்ஸ் நிறுவனத்திடமிருந்து ஒரு கருவியை இரவல் பெற்றார்கள். 1953 அக்டோபர் 29 அன்று துடிக்கும் இதயத்தின் முதல் எதிரொலிப் பதிவு எடுக்கப்பட்டது. எந்தக் கோடு இதயத்தின் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று தெளிவதற்கு மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. முதலில் மேலறையின் சுவர் என்று எண்ணிய எதிரொலி, உண்மையில் மைட்ரல் வால்வின் இதழ் என்று பின்னால்தான் தெரிந்தது. எட்லர் அதைத் தானே ஆராய்ந்து தானே திருத்திக்கொண்டார். இரவல் கருவியில் வேலை தொடங்கிய இருவருக்கும் 1977ல் லாஸ்கர் விருது கிடைத்தது.

இந்த இடத்தில் ஜிம்மியைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. எக்கோவுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, இதயத்தின் மின்னோட்டத்தை வெளியிலிருந்து பதிவு செய்யலாம் என்று காட்டியவர் லண்டனைச் சேர்ந்த அகஸ்டஸ் வாலர். மனித இதயத்தின் மின்பதிவை 1887லேயே வெளியிட்டவர். அவருடைய புல்டாக் பெயர் ஜிம்மி. 1909ல் ராயல் சொசைட்டியின் விருந்தினர் முன்னால், பாதங்களை உப்புத் தண்ணீர் ஜாடிகளில் வைத்துக்கொண்டு ஜிம்மி அமைதியாக நிற்க, அதன் இதயத் துடிப்பு கருவியில் தெரிந்தது. நாயைக் கொடுமைப்படுத்துகிறார்களோ என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. அது வெறும் உப்புத் தண்ணீர், கடலில் கால் நனைப்பது போன்றதுதான் என்று உள்துறை அமைச்சர் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. மனித இதயத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்த உயிர்களில் நாய்க்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் எக்கோ நாயின் சொந்த நோய்க்கு மருத்துவமாகத் திரும்பி வர 1970களின் பிற்பகுதி ஆனது. 1980களில்தான் கால்நடை மருத்துவர்கள் நாய் இதயத்துக்கான அளவுகளைக் கோவையாக எழுதத் தொடங்கினார்கள். அதே காலத்தில், 1985ல், நாமக்கல் கல்லூரியும் தொடங்கியது. 1903ல் தொடங்கிய சென்னைக் கல்லூரிக்கு அடுத்ததாக மாநிலத்தில் வந்த கால்நடை மருத்துவக் கல்லூரி அது.

சேலம் மண்ணில் இந்த ஒலி நடந்த ஒரு இருண்ட வழியும் உண்டு. அதை மறைத்துவிட்டு இதன் கதையை எழுதினால் அது பொய்க்கதை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992ல் தொடங்கியது இதே சேலத்தில்தான். ‘ஸ்கேன்’ என்ற சொல்லை இங்கே பலர் முதலில் அறிந்தது கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று காட்டும் பெட்டியாகத்தான். நாடு முழுவதும் அந்தப் பெட்டி பெண் கருக்களைக் கொல்லத் துணைபோனதால், 1994ல் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. உயிரைக் காக்க மருத்துவத்துக்குள் வந்த ஓசையை மனிதர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது.

பட்டிதொட்டிக்கு ஸ்கேன் கருவியைக் கால்நடை மருத்துவர்கள் கொண்டுபோனது பெரும்பாலும் மாட்டுக்காக. சினை பிடித்திருக்கிறதா என்று பார்க்க. ஒரு செய்தியை நாய் வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: மாட்டுக்குச் சினை பார்க்கும் ப்ரோப்பால் நாயின் இதயத்தைச் சரியாகப் பார்க்க முடியாது. விலா எலும்பைத் தாண்டி ஓசை போகாது. இரண்டு விலாவுக்கு நடுவே உள்ள குறுகிய இடுக்கில் உட்காரும் சிறிய முகமும், அங்கிருந்து விசிறிபோல விரியும் ஒலியும் வேண்டும். அதற்கென்றே இதய ப்ரோப் தனியாக உண்டு; விலையும் அதிகம். ‘எங்க டாக்டருகிட்ட ஸ்கேன் இருக்குதுங்க, ஆனா நாமக்கல்லுக்குப் போகச் சொல்றாரு’ என்று சிலர் குறைபட்டுக்கொள்வதற்குக் காரணம் இதுதான். அனுப்பிவைப்பவர் நல்ல மருத்துவர்.

ஓமலூரோ பரமத்தியோ, எந்த ஊரிலிருந்து வந்தாலும் வீட்டுக்காரர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்.

‘ராத்திரியானா இருமிட்டே இருக்குதுங்க. சளி மருந்து குடுத்தமுங்க, கேக்கலீங்க.’

‘நடக்குதாங்கய்யா?’

‘ரெண்டு எட்டு வச்சுட்டுப் படுத்துக்குதுங்க. வெயிலு தாங்கலைனு நெனச்சமுங்க.’

பெரும்பாலும் தோட்டத்துக் காவலுக்கு வளர்க்கும் டாபர்மேன், அல்லது கிரேட் டேன், லாப்ரடார் போன்ற பெரிய நாய். நோயின் பெயர் டைலேட்டட் கார்டியோமயோபதி. இதயத் தசை தளர்ந்து, அறை விரிந்துபோகும் நோய். உண்டிவில் ரப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக இருக்கையில் இழுத்து விட்டால் சட்டென்று சுருங்கும். நாள்பட நைந்துபோனால் நீளம் கூடியிருக்கும், விசை போயிருக்கும். இதயத்தின் இடது கீழறைக்கு அப்படி ஆகும்போது, உடலுக்குப் போக வேண்டிய ரத்தம் குறைகிறது. மிச்சம் பின்னால் தேங்கி நுரையீரலில் நீர் கசிகிறது. இரவில் வரும் இருமல் அதுதான். வலது பக்கமும் தளர்ந்தால் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். முதுகெலும்பு தெரிய மெலிந்த நாய்க்கு வயிறு மட்டும் பெருக்கும், வீட்டில் உள்ளவர்கள் நன்றாகத் தின்று தேறியிருக்கிறது என்று நினைப்பார்கள். போர் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஆழ்துளைக் கிணற்று வண்டிகளை நாடெங்கும் அனுப்பும் திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டால் துடிப்பின் ஒழுங்கு கெட்டிருப்பது தெரியலாம். எக்ஸ்ரேயில் இதயம் பெருத்திருப்பது தெரியும். நாயின் முதுகெலும்புக் கணுக்களையே அளவுகோலாக வைத்து அதை அளக்கும் முறையை அமெரிக்காவின் ஜேம்ஸ் புக்கானன் 1995ல் எழுதிவைத்தார். ஆனால் எக்ஸ்ரே நின்றுபோன படம். தசை எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது என்பதை அது சொல்லாது. அதற்கு எக்கோ வேண்டும்.

நாயை வலது பக்கமாகப் படுக்கவைப்பார்கள். அதற்கான மேசையில் மார்பு வரும் இடத்தில் ஒரு ஓட்டை வெட்டியிருக்கும். விலாவில் கொஞ்சம் மயிரைச் சிரைத்து, ஜெல் தடவி, அந்த ஓட்டை வழியாகக் கீழிருந்து ப்ரோப்பை வைப்பார்கள். ஒருவர் முன்கால்களையும் ஒருவர் பின்கால்களையும் பிடித்துக்கொள்ள, வீட்டுக்காரர் தலைமாட்டில் நின்று பேசிக்கொண்டிருப்பார். பழகிய குரல் கேட்டால் நாய் அடங்கிக் கிடக்கும். திரையில் இடது கீழறையைக் குறுக்கே வெட்டிய படம் வரும். அதை மருத்துவர்கள் காளான் என்பார்கள். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தசைமேடுகளால் நடுவில் இருக்கும் ரத்தம் மழைக்கு மறுநாள் முளைத்த காளான் வடிவில் தெரியும். கொஞ்சம் மேலே நகர்த்தினால் மைட்ரல் வால்வு மீன் வாய்போலத் திறந்து மூடும். ஆரோக்கியமான இதயத்தில் அந்தக் காளான் ஒவ்வொரு துடிப்புக்கும் பாதியாகக் குறுகும். நோயுற்றதில் அசைவே சந்தேகமாக இருக்கும். அதைப் பார்க்க மருத்துவப் படிப்பு வேண்டாம். திரையைப் பார்க்கும் வீட்டுக்காரருக்கே புரிந்துவிடும்.

பிறகு அளவு. விரிந்திருக்கும்போது அறையின் குறுக்களவு 42 மில்லிமீட்டர், சுருங்கியபோது 30 என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 12, அது 42ல் சுமார் 29 சதவீதம். இதைச் சுருங்கும் விகிதம் என்கிறார்கள். பொதுவாக நாய்களுக்கு 25 முதல் 45வரை இயல்பு. அதே அளவு நாய்க்கு விரிந்தபோது 54, சுருங்கியபோது 46 என்று வந்தால் விகிதம் 15 சதவீதம்கூட இல்லை. அந்த ரப்பர் நைந்துவிட்டது.

இந்த ஒற்றை எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவதுதான் நான் கவலைப்படும் இடம். பயந்த நாயின் இதயம் வேகமாக அடித்து, நோயை மறைத்துவிடும். மைட்ரல் வால்வு கசியும் நாயில், ரத்தம் எளிதாகப் பின்வழியே ஓடிவிடுவதால் விகிதம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். பெரிய நாய்களில் 20க்குச் சற்று மேலே இருப்பதுகூட இயல்பாக இருக்கலாம். வேட்டைக்கு ஓடும் நாய்களின் இதயம் இயற்கையாகவே பெரிது. கிரேஹவுண்டுக்குத் தனி அளவுகள் உண்டு. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் அதே ஓட்டக்காரக் குடும்பத்து உடல்வாகு கொண்டவை. லாப்ரடாருக்கு எழுதிய அளவுகோலால் சிப்பிப்பாறையை அளந்தால், நல்ல நாயை நோயாளி ஆக்கிவிடுவோம். நம் நாட்டு இனங்கள் ஒவ்வொன்றுக்கும் அளவுகளை எடுத்து வைப்பது நம் கல்லூரிகள் செய்ய வேண்டிய வேலை. ராஜபாளையத்துக்கும் கோம்பைக்கும் ஸ்வீடனிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ யாரும் வந்து எழுதித் தரமாட்டார்கள்.

அதனால்தான் தேர்ந்த மருத்துவர் ஒரு எண்ணோடு நிற்பதில்லை. மைட்ரல் வால்வின் இதழ் திறக்கும்போது நடுச்சுவரை எவ்வளவு நெருங்குகிறது என்று பார்ப்பார். தளர்ந்த இதயத்தில் அந்த இடைவெளி கூடும். சிறிதும் பெரிதுமான தட்டுகளை அடுக்கியதுபோல அறையைக் கணக்கில் துண்டு போட்டு, அதன் கொள்ளளவைக் கூட்டுவார். ரத்தம் ஓடும் வேகத்தை டாப்ளர் முறையில் பார்ப்பார். நெருங்கி வரும் அலையும் விலகிப் போகும் அலையும் வேறுபட்டுத் தெரியும் என்று 1842ல் கிறிஸ்டியன் டாப்ளர் விண்மீன்களை வைத்துச் சொன்னது, இங்கே நாயின் ரத்தத்தில் பயன்படுகிறது.

டாபர்மேனுக்கு எக்கோவும் போதாது. அந்த இனத்தில் தசை தளர்வதற்கு முன்பே துடிப்பின் ஒழுங்கு குலையலாம். நேற்றுவரை தோட்டத்தைச் சுற்றி ஓடிய நாய் காலையில் செத்துக் கிடக்கும். விஷம் வைத்துவிட்டார்கள் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு சண்டைகூட வரும். 24 மணி நேரம் நாயின் உடம்பில் கட்டிவிடும் ஹோல்டர் கருவி அந்தக் குழப்பத்தைப் பிடிக்கும். ஒரு நாளில் 300க்கு மேல் தவறான துடிப்புகள் கீழறையிலிருந்து கிளம்பினால், எக்கோ நன்றாக இருந்தாலும் டாபர்மேனில் அதை நோயாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஜெர்மனியின் மியூனிக்கில் 412 டாபர்மேன்களை இப்படிச் சோதித்தார்கள். வாழ்நாளுக்குள் இந்த நோய் வருபவை 58 சதவீதம் என்று 2010ல் வெளியிட்டார்கள். இரண்டில் ஒன்றுக்கும் மேல். டாபர்மேன் குட்டிக்கு முன்பணம் கொடுக்கும் எத்தனை பேருக்கு இது சொல்லப்படுகிறது?

சீக்கிரம் கண்டுபிடிப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குப் பதில் உண்டு. வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல், எக்கோவில் மட்டும் நோய் தெரிந்த 76 டாபர்மேன்களை வைத்து ஒரு ஆய்வு 2012ல் வெளியானது. பிமோபென்டான் மாத்திரை கொடுத்த நாய்களில் இதயம் செயலிழக்கவோ திடீர் மரணம் நேரவோ ஆன காலத்தின் நடுமதிப்பு 718 நாள். வெற்று மாத்திரை கொடுத்தவற்றில் 441 நாள். வித்தியாசம் ஒன்பது மாதம். பத்து வயதைத் தொடுவதே பெரிதென்று வாழும் உயிருக்கு ஒன்பது மாதம் சின்னக் கணக்கல்ல. அந்த மாதங்கள் எக்கோ எடுத்த நாய்க்கு மட்டுமே கிடைக்கும். இருமல் வரும்வரை காத்திருந்த நாய்க்குக் கிடைக்காது.

எல்லா நாய்க்கும் இது விதி எழுதிய நோயும் அல்ல. சில காக்கர் ஸ்பானியல்களிலும் கோல்டன் ரெட்ரீவர்களிலும் டாரின் என்ற சத்துக் குறைவால் இதயம் தளர்கிறது. சத்தைக் கொடுத்தால் பெரும்பாலும் தேறுகிறது. பட்டாணியும் பருப்பும் மிகுந்த, தானியமில்லாத சில பாக்கெட் உணவுகளுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018ல் விசாரிக்கத் தொடங்கியது. எனவே மருத்துவர் ‘என்ன சாப்பாடு போடுறீங்க?’ என்று கேட்டால் வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

கப்பல் தளத்திலிருந்து நாமக்கல்வரை வந்த ஓசை இன்னும் சில பேருந்து நிறுத்தங்கள் நடக்க வேண்டியிருக்கிறது. சேலத்திலும் நாமக்கல்லிலும் ஒவ்வொரு பெரிய அரசு கால்நடை மருத்துவமனைக்கும் ஒரு இதய ப்ரோப்பும், அதைப் பிடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவரும் வேண்டும். மூச்சுத் திணறும் நாயை ஆட்டோவில் ஐம்பது கிலோமீட்டர் கொண்டுபோவது சிகிச்சையைவிடப் பெரிய ஆபத்து. டாபர்மேன், கிரேட் டேன், பாக்ஸர் வளர்ப்பவர்கள் மூன்று நான்கு வயதானதும் ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ பார்த்துவிடுங்கள். அந்த வயதில் நாய் துள்ளிக்கொண்டுதான் இருக்கும். பார்க்க வேண்டிய நேரமும் அதுதான்.

அதுவரை கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பங்குனி சித்திரை வெயிலில் இந்தப் பக்கத்து நாய்கள் எல்லாமே நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும். அதை எண்ணிப் பயனில்லை. இரவு வெக்கை தணிந்து நாய் நன்றாகத் தூங்கிய பிறகு பக்கத்தில் உட்காருங்கள். விலா ஏறி இறங்குவதை ஒரு மூச்சாக வைத்து, கைப்பேசியில் ஒரு நிமிடம் பார்த்து எண்ணுங்கள். எண்ணிக்கையை வீட்டுக் காலண்டரில் குறித்துவையுங்கள். 30க்குள் இருந்தால் நல்லது. நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனாலோ, 30ஐத் தாண்டி நின்றாலோ, சளி மருந்து தேடாதீர்கள். அந்தக் காலண்டர் தாளையும் கிழித்து எடுத்துக்கொண்டு நாயை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.